மறு: மறு: குழந்தைகளுக்கு வரும் "டிக்", தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

ஜெயநகரிலிருந்து, பள்ளி ஆலோசகர்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோருக்காக ஒரு சிறு கையேடு தயாராகிறது. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வரும் ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அதைத் தணிக்க ஒரே செயலைச் செய்துகொண்டே இருப்பதும்), அதோடு பல சமயம் ஒட்டிக்கொண்டு வரும் டிக், இரண்டையும் பற்றியது. ஸ்ரீராமபுரம், அல்சூர் வீடுகளில் படிப்பார்கள். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் பிடித்து நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு வருகிறவர்களும் படிப்பார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஓசிடிக்கு "எண்ணச் சுழற்சி நோய்" ஓரளவு பழகிவிட்டது. டிக்குக்குத்தான் சொல் இல்லை. கண்ணை இறுக்கிச் சிமிட்டுவது, தோளைத் தூக்குவது, கழுத்தை வெட்டுவது, தொண்டையைச் செருமுவது, மூக்கை உறிஞ்சுவது என்று திடீர் திடீரென வருமே, அதுதான். பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கும், 10-12 வயதில் உச்சத்துக்குப் போகும், பலருக்கு அப்புறம் தணியும். முதல் வரைவில் "வலிப்பு" என்று போட்டிருந்தார்கள். படித்துப் பார்த்த ஒரு தாய் பையனுக்கு இஇஜி என்னும் மூளை அலைப் பரிசோதனை எடுக்கக் கிளம்பிவிட்டார். அதனால் வலிப்பு வேண்டாம். இழுப்பும் வேண்டாம், அது மூச்சிரைப்பு.

சிவாஜிநகர் அச்சகத்திலிருந்து:

துடிப்பு. கண் துடிக்கிறது என்று ஊரே சொல்கிறது. இதற்கு ஒரு விவாதமா?

மல்லேஸ்வரத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்:

அச்சக நண்பர் அவசரப்படுகிறார். துடிப்பு தானே நிகழ்வது. சிலம்பில் இந்திர விழாவின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண் துடிக்கிறது, மாதவிக்கு வலக்கண் துடிக்கிறது. இருவரும் துடிக்கச் செய்யவில்லை, அடக்கவும் முடியாது. அது நிமித்தம். துடிப்பு என்று நம் கையேட்டில் போட்டால் எந்தப் பாட்டியாவது வலமா இடமா என்று கேட்பாள்.

தொல்காப்பிய உரியியலில் "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்" என்றிருக்கிறது. விதிர்ப்பு ஒரு வழி. ஆனால் எனக்கு அதைவிட உவப்பானது விதுப்பு. விதும்பு என்னும் வினையிலிருந்து வருவது. நடுக்கம், விரைவு, வேட்கை மூன்று பொருளும் உண்டு. குறளில் அவர்வயின் விதும்பல், புணர்ச்சி விதும்பல் என்று இரண்டு அதிகாரத் தலைப்புகளே இருக்கின்றன.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

புலவர் ஐயா, ஆறு வயதுப் பையனின் அம்மாவிடம் "உங்கள் மகனுக்குப் புணர்ச்சி விதும்பலில் வருகிற விதுப்பு" என்று விளக்கச் சொல்கிறீர்களா? என் ஓட்டு "சொடுக்கு". சட்டென்று வெட்டி நிற்கும் அசைவு, ஓசையும் பொருந்தும்.

அல்சூரிலிருந்து:

சொடுக்கு கணினிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று தம்பி. "இங்கே சொடுக்கவும்" என்று இணையம் முழுக்கப் போட்டுவைத்ததே உங்கள் ஆட்கள்தான்.

பனசங்கரியிலிருந்து, குழந்தை மனநல மருத்துவர்:

புலவர் ஐயா நல்ல இடத்தைத் தொட்டுவிட்டார், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டிக் முழுக்கத் தானாக வருவதுமில்லை, வேண்டுமென்று செய்வதுமில்லை. வருவதற்கு முன் உடம்பில் ஒரு உறுத்தல் எழும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அரிப்பு, இறுக்கம் என்று அதைச் சொல்லியும் காட்டுவார்கள். செய்துவிட்டால் சற்றுத் தணியும். கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். வகுப்பில் அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்க்கிற பிள்ளைகள் உண்டு. "ஸ்கூல்ல பண்ணல, என்கிட்ட மட்டும் பண்றான், திமிர்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. ஆகவே "தானியங்கித் துடிப்பு" என்ற பொருள் தரும் சொல்லும் தப்பு, "சேட்டை" என்ற வாடை அடிக்கும் சொல்லும் தப்பு.

சிகிச்சையும் அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. உறுத்தல் எழும்போதே கண்டுகொண்டு, டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத வேறு அசைவைச் செய்யப் பிள்ளையைப் பழக்குவார்கள். 9 முதல் 17 வயது வரையான 126 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. வெறும் ஆதரவும் விளக்கமும் பெற்றவர்களைவிட இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு டிக் நன்றாகக் குறைந்தது.

ஓசிடியில் முன்னால் வருவது பெரும்பாலும் ஒரு எண்ணம்: "கையைக் கழுவாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்." டிக்கில் முன்னால் வருவது உடம்பின் உறுத்தல். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. கதவு நிலையை "சரியாகப் படும்வரை" தொட்டுத் தொட்டு நிற்கும் பிள்ளை எந்தப் பக்கம்? எங்களுக்கே சட்டென்று சொல்ல வராது. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் ஓசிடியைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயம் ஆக்கியது. டிக் இருக்கிறதா, முன்பு இருந்ததா என்றும் குறிக்கச் சொல்கிறது. அது சும்மா இல்லை. ஓசிடி உள்ள 112 பிள்ளைகளை வைத்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வைப் பிறகு பிரித்துப் பார்த்தார்கள். டிக்கும் இருந்த பிள்ளைகளுக்கு செர்ட்ராலின் என்னும் மருந்து மட்டும் கொடுத்தபோது வெற்று மாத்திரையைவிடப் பெரிய பலன் இல்லை. நடத்தைச் சிகிச்சை அவர்களுக்கும் பலித்தது. ஆகவே இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பாதீர்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

மருத்துவரம்மா எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறார். நடுக்கமும் வேட்கையும் ஒரே சொல்லில். விதுப்பு!

அல்சூரிலிருந்து:

"எண்ணச் சுழற்சி" மட்டும் சரியா? எண்ணம் சுழல்கிறது, சரி. கழுவுவதும் பூட்டைப் பத்து தரம் இழுத்துப் பார்ப்பதும் எங்கே? "கட்டாயச் செயல்" என்று போட்டால் கட்டாயக் கல்வி, கட்டாய ஹெல்மெட் போல ஆகிறது. கன்னடத்தில் "கீளு" என்று இரண்டெழுத்தில் முடித்துவிட்டார்கள். நம் "கீள்" இதற்கு உறவா என்று யாராவது பாருங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

கீள் என்றால் கிழி. உறவு இல்லை. (இருக்கலாம். தனி மடலில் எழுதுகிறேன்.)

காக்ஸ்டவுனிலிருந்து:

எங்கள் பாட்டி மடி மடி (தீட்டுப் படாத சுத்தம்) என்று கிணற்றடியே கதியாக இருந்தார். ஒருவரும் தொடக்கூடாது. இன்றைக்கு இருந்திருந்தால் ஓசிடி என்பீர்களா டாக்டர்?

பனசங்கரியிலிருந்து:

பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டிக்கு மடி பெருமையாக இருந்திருக்கும். ஓசிடி வந்த பிள்ளைக்கு அது வதை. நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும், அல்லது படிப்பையும் வீட்டையும் குலைக்கும். "கை சுத்தமா, சுத்தமா" என்று திரும்பத் திரும்பக் கேட்கும், வீட்டாரும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிச் சொல்லி அதை வளர்த்துவிடுவார்கள். கையேட்டில் சொல்லைவிட இந்தப் பத்திதான் முக்கியம் என்பேன். யார் கேட்கிறார்கள்.

ஃப்ரேசர்டவுனிலிருந்து, பூர்வீகம் புதுச்சேரி:

உடல் டிக்கும் குரல் டிக்கும் சேர்ந்து நீடிக்கும் நோய்க்கு வரைவில் "டூரெட்" என்றிருக்கிறது. அது ஒருவர் பெயர்; 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய அவர் பிரெஞ்சுக்காரர். "தூரெத்" என்பதே சரி. அப்புறம், அந்த நோய் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவது என்று எழுதிவிடாதீர்கள். அது சிறுபான்மையினருக்குத்தான்.

ஜெயநகரிலிருந்து:

தூரெத் என்று எழுதிக் கொடுத்தால் பெற்றோர் கூகுளில் எதைத் தேடுவார்கள்? டூரெட்தான். டிக்குக்கு மருத்துவர் சொன்ன உறுத்தலை வைத்து "உந்தசைவு" என்று யோசிக்கிறேன். உந்துதலால் வரும் அசைவு.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

செருமுவது அசைவா? குரல் டிக் வெளியே நிற்கிறதே.

மல்லேஸ்வரத்திலிருந்து:

தம்பிக்கு யாப்பு மறந்துவிட்டது. நேரசை, நிரையசை. அசை என்பது ஒலிதான். தவிர, பொருள் தராமல் செய்யுளில் வந்து நிற்கும் மன், அரோ, மாதோ எல்லாம் அசைநிலை. பொருளின்றி வந்து நிற்கும் செருமலுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? உந்தசைவை நான் ஏற்கவில்லை, ஆனால் நீங்கள் எதிர்க்கும் காரணம் தப்பு.

சிவாஜிநகர் அச்சகத்திலிருந்து:

நாளை காலை பிளேட் போட வேண்டும். கடைசியாகச் சொல்லுங்கள்.

ஜெயநகரிலிருந்து:

தலைப்பிலும் உள்ளேயும் "டிக்". முதல் இடத்தில் மட்டும் "உந்தசைவு" என்று சேர்த்து, உறுத்தலை இரண்டு வரியில் விளக்கியிருக்கிறேன். அல்சூர், ஒயிட்ஃபீல்டு, பனசங்கரி சரி என்றுவிட்டார்கள். காக்ஸ்டவுன் எதுவானாலும் சரி என்கிறார். எண்ணச் சுழற்சி அப்படியே இருக்கட்டும், அதைத் திறந்தால் இந்த மாதமே போய்விடும்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும். விதுப்பு. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன். 3-ஆம் பக்கத்தில் "சுழற்ச்சி" என்று அச்சாகியிருக்கிறது. றகர மெய்க்குப் பின் ஒற்று வராது, அதையாவது எடுத்துவிடுங்கள்.