சலேசியச் (தொன் போஸ்கோ சபை) சாமியார்கள், சிஸ்டர்கள்: உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

காட்பாடி விடுதிக்காரன்:

எட்டாம் வகுப்பு. விடுதி மதிலேறிக் குதித்துக் கூத்துப் பார்க்கப் போனேன். பதினெட்டாம் போர் என்றால் நம் பக்கத்துப் பையன் எவன் படுத்துத் தூங்குவான்? துரியோதனன் விழும் படுகளம் விடியலில்தான். நான் பயந்துபோய் மூன்று மணிக்கே ஓடி வந்துவிட்டேன். வழியில் சீமைக் கருவேல முள் குதிகாலில் ஏறிவிட்டது.

கிணற்றடியில் சாமி நின்றிருந்தார். இத்தாலிக்காரர். அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் என் காலைத்தான் பார்த்தார். படியில் உட்கார வைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அங்கியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளைக் கிளறி எடுத்தார். எடுத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அரை அங்குலம் இருக்கும்.

"என்ன கூத்து?"

"பதினெட்டாம் போர், சாமி."

"துரியோதனன் விழுந்தானா?"

"அதற்குள் வந்துவிட்டேன், சாமி."

"அடடா, என்னிடம் கேட்டிருந்தால் நானும் வந்திருப்பேனே" என்றார்.

மறுநாள் இரவுச் செபம் முடிந்து சாமி பேசும் 'குட் நைட்' சிற்றுரையில் என் பெயர் வரும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வரவில்லை. உண்மையாகவே வந்திருப்பாரா? ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்காமலே பள்ளியை விட்டு வந்துவிட்டேன்.

ஆற்காட்டான்:

மேலே எழுதிய நண்பருக்கு நல்லவர் ஒருவர் வாய்த்தார், மகிழ்ச்சி. அதை வைத்து எல்லோரும் அப்படித்தான் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். கணக்குத் தப்பியதற்கு ஓர் ஆசிரியர் என்னைச் சுவரோடு நிறுத்தி அடித்தார். ஓங்கிய பிரம்பு சுவரில் பட்டது, என் தலைக்கு மேலே மாட்டியிருந்த, சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோவின் படம் ஆடியது. சிறுவர்கள் சூழ அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று பின்னாளில்தான் படித்தேன். 1841 டிசம்பர் 8, இத்தாலியின் டூரின் நகரம். பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன பர்த்தலோமேயு கரேல்லி என்ற ஏழைப் பையனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டுகிறார். "அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்" என்று திரும்ப அழைக்கிறார் தொன் போஸ்கோ. எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்கக் கேட்க, தெரியாது, தெரியாது என்கிறான் பையன். கடைசியில் "சீழ்க்கை அடிக்கத் தெரியுமா?" என்கிறார். பையன் சிரித்துவிடுகிறான். சபையின் வேலை அங்கேதான் தொடங்கியது என்று சலேசியர்களே சொல்வார்கள். சபையாக அமைந்தது 1859-இல். அறிவு, சமயம், அன்பு மூன்றும் போதும், பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்பதை 1877-இல் எழுதியும் வைத்தார். அப்படிப்பட்டவர் படத்தின் கீழே நின்று பிரம்பை ஓங்க ஒருவருக்கு எப்படிக் கை வந்தது? முப்பது வருடமாகக் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வாணியம்பாடி:

பள்ளிகொண்டாவில் பஸ் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பேராயர் மெதர்லே ஆண்டகையின் நினைவு வரும். 1928-இல் சென்னைப் பேராயரான சலேசியர். தம் மறைமாவட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது 1934 டிசம்பரில் அந்த ஊரில்தான் உயிர் பிரிந்தது. ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், இறங்கியதில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

காட்பாடித் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சாமி இப்போது உயிரோடு இருக்க மாட்டார். ஆனால் ஒரு சலேசியர் இறந்தால், அவர் வாழ்ந்த இல்லத்தின் தலைவர் அவருடைய வாழ்க்கையைக் கடிதமாக எழுதி மற்ற இல்லங்களுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். ஒவ்வோர் இல்லத்திலும் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கும் ஏடும் உண்டு. நீங்கள் படித்த ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். முதலில் விடுதியில் கேளுங்கள், இல்லையென்றால் திருப்பத்தூர் போங்கள். 1951-இல் அவர்கள் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது, வயதான சாமியார் யாராவது அவரை அறிந்திருக்கலாம். போகும்போது அந்த இரவை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முள், ஊக்கு, டார்ச் எல்லாவற்றையும் எழுதுங்கள். 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரே ஒரு சலேசியர், பாப்லோ மரியசெல்வம் ஆண்டகை. ஆயர்களின் பெயர் வரலாற்றில் நின்றுவிடும். முள் எடுத்தவர் பெயரை நீங்கள் எழுதினால்தான் உண்டு. தள்ளிப் போடாதீர்கள், நான் தள்ளிப் போடுகிறவன்.

குடியாத்தம் பீடிக்காரர் மகள்:

ஆற்காட்டு அண்ணா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

காட்பாடி ஆக்சிலியம் கல்லூரி, சலேசிய சகோதரிகள் 1954-இல் தொடங்கியது. எனக்கு அங்கே இடம் கிடைத்தும் அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். அப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை, பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சிஸ்டர் தரையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை வாங்கி, ஊறிய பீடி இலையின்மேல் அளவுத் தகட்டை வைத்து, அம்மாவைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். ஒரு மணி நேரம். கல்லூரிப் பேச்சே எடுக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "திங்கட்கிழமை அனுப்புகிறீர்களா?" என்றார். அப்பா தலையாட்டினார்.

அந்த இலைகள் ஒன்றுகூட அளவில் இல்லை, நரம்பெல்லாம் குறுக்கே ஓடியது. ஏஜெண்ட் கழித்துவிடுவான். சிஸ்டர் போன பிறகு அம்மா விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அந்தக் குவியலில் தேறியதை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறிய தகட்டில் திரும்ப வெட்டினார். "சிஸ்டரிடம் சொல்லிவிடாதே" என்றார். மூன்று ஆண்டு அங்கே படித்தேன், சொல்லவில்லை.