மோட்டார் சைக்கிள் விபத்து: அம்புலன்ஸ் வரமுன்னம் எதைப் பார்க்கிறது?

கொடிகாமத்தான்:
ஏ9 வீதியில கொடிகாமம், மிருசுவில் பக்கம் இரவில கட்டாக்காலி மாடுகள் றோட்டில படுத்துக் கிடக்குதுகள். மோட்டார் சைக்கிள்காரர்தான் கூட அடிபடுகினம். எங்கட சனசமூக நிலையத்துப் பெடியள் பத்துப் பேருக்கு முதலுதவி பழக்க யோசிக்கிறம். ஹெல்மெட்டைக் கழட்டலாமோ கூடாதோ? ஓட்டோவில ஏத்திக்கொண்டு ஓடுறது சரியோ, 1990 அம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறதோ? வெளிக்காயம் ஒண்டும் இல்லாமல் எழும்பி இருக்கிற ஆள் உள்ளுக்கு அடிபட்டிருக்கிறார் எண்டதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

விபத்துப் பிரிவுத் தாதி:
முதல் றோட்டை மறியுங்கோ. இரண்டு பக்கமும் ஆக்கள் லைற்றோட தள்ளி நிக்க வேணும், விழுந்த சைக்கிளின்ர சாவியை நிப்பாட்ட வேணும். ஒராள் உடனே 1990க்கு எடுக்கட்டும். 2018இல வடக்குக்கு வந்த இலவச சேவை. இடத்தைச் சொல்லேக்க ஊர்ப் பேர் மட்டும் காணாது, எத்தனையாம் கட்டை, கிட்ட என்ன கோயில், என்ன கடை எண்டு சொல்லுங்கோ.

பிறகு இரத்தம். பீறிட்டு வந்தால் மூச்சைப் பார்க்க முன்னமே அதை நிப்பாட்ட வேணும். துணியைக் காயத்துக்குள்ள அழுத்தி, உடம்புப் பாரத்தைக் கையில போடுங்கோ. நிண்டிட்டுதோ எண்டு எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கை காலில அதுக்கும் அடங்காட்டில் காயத்துக்கு மேல நாலு விரல் தள்ளி, மூட்டைத் தவிர்த்து, இரண்டு அங்குல அகலத் துணியைக் கட்டி, சைக்கிள் ரூல்ஸ் பெட்டிக்குள்ள இருக்கிற ஸ்பனரைச் செருகி முறுக்குங்கோ. பேனை முறிஞ்சு போகும். நூல் கயிறு, வயர் தசையையும் நரம்பையும் வெட்டும். அரைகுறையா முறுக்கினால் இரத்தம் திரும்பிப் போற நாளம் மட்டும் அடைபட்டு, நாடியால வாறது வந்துகொண்டே இருக்கும், அதால இன்னும் கூட ஓடும். ஓட்டம் முற்றா நிக்கும்வரை முறுக்க வேணும். நோவில ஆள் கத்துவார், அதுக்காகத் தளர்த்தாதேங்கோ. கட்டின நேரத்தை நெத்தியில எழுதிவிடுங்கோ.

ஹெல்மெட்: நல்லா மூச்சு விடுறார், கதைக்கிறார் எண்டால் முகக்கண்ணாடியை மட்டும் திறந்துவிட்டு அப்பிடியே விடுங்கோ. மூச்சில களகள எண்டு சத்தம், சத்தி, இல்லாட்டில் மூச்சே இல்லை எண்டால் கழட்டத்தான் வேணும், ரெண்டு பேராக. ஒராள் தலைமாட்டில முழங்காலில நிண்டு ஹெல்மெட்டை ரெண்டு பக்கமும் அசையாமல் பிடிக்கிறார். மற்றவர் பட்டியை அவிழ்த்து, ஒரு கையால தாடை எலும்பையும் மறு கையைக் கழுத்துக்குக் கீழால விட்டுப் பிடரியையும் தாங்குறார். தலைமாட்டுக்காரர் பக்கங்களை வெளிய இழுத்து விரிச்சு, மூக்குத் தட்டாமல் கொஞ்சம் பின்னால சரிச்சு, பிடரி கழரேக்க முன்னால சரிச்சு இழுக்க வேணும். ஹெல்மெட் வந்த கையோட தலை தொப்பெண்டு நிலத்தில விழும். பிழை நடக்கிறது அந்த இடத்திலதான், கீழ தாங்குற கை அதுக்குத்தான்.

சிதம்பரநாதன் ஒழுங்கை:
கழுத்து முறிஞ்சிருக்கலாம், ஆளை அசைக்கவே கூடாது எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்?

விபத்துப் பிரிவுத் தாதி:
அது பாதிதான் சரி தம்பி. மயங்கின ஆள் மல்லாந்து கிடந்து இரத்தத்தையும் சத்தியையும் மூச்சுக்குழாயுக்குள்ள விட்டால் சில நிமிசத்தில முடிஞ்சு போகும். கழுத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை விடேலாது. தலை, தோள், இடுப்பு மூண்டும் ஒரே கோட்டில வரக்கூடியதா, தலையைப் பிடிச்சவர் எண்ணச் சொல்ல, எல்லாரும் ஒண்டாச் சரிச்சுப் பக்கவாட்டில கிடத்துங்கோ. ஓட்டோவில எனக்கு இருக்கிற பயமும் இதுதான். பின் சீற்றில ஆளை மடிச்சு இருத்தினால் தாடை நெஞ்சில முட்டி மூச்சு அடைபடும், முறிஞ்ச தொடை எலும்பும் வளையும். அம்புலன்ஸ் வரவே வழியில்லை எண்டால் பட்டா வாகனத்தின்ர (சின்ன லொறி) பின்பக்கம் பலகை போட்டு, நீட்டி நிமிர்த்திக் கொண்டுபோங்கோ.

மருத்துவர், வலிகாமம்:
மூன்றாவது கேள்விக்கு என் பதில்: காயத்தைப் பார்க்கும் அதே நேரம் வாகனத்தையும் பாருங்கள். எது எங்கே நெளிந்திருக்கிறதோ அதுவே உடம்பில் எங்கே தேடுவது என்று சொல்லும்.

நேருக்கு நேர் மோதினால் மோட்டார் சைக்கிள்காரர் முன்னோக்கி எறியப்படுவார். இரு தொடைகளும் ஹாண்டிலில் அடிபடும். ஒரு தொடை எலும்பு முறிந்தாலே தசைக்குள் ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் தேங்கும், வெளியே ஒரு துளி தெரியாது. வயிற்றில் ஹாண்டில் நுனி அளவில் வட்டமான கன்றல் இருந்தால், அது சின்னதாகத் தெரிந்தாலும், சிறுகுடலோ கணையமோ முள்ளந்தண்டில் நசுங்கியிருக்கலாம். துவிச்சக்கரவண்டியால் விழும் பிள்ளைகளில் இதைத் தவறவிடுவது அதிகம்.

காரில் நெஞ்சுக்குக் குறுக்கே இருக்கைப் பட்டியின் தடம் பதிந்திருந்தால் விலா எலும்பு, வயிற்றுக்குக் குறுக்கே என்றால் குடல். நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருப்பவர். அவர் கதவில் மோதினால் ஈரலையும், இடப்பக்கம் இருந்தவரின் கதவில் மோதினால் மண்ணீரலையும் சந்தேகிக்க வேண்டும். முழங்கால் டாஷ்போர்டில் இடித்து, கால் குட்டையாகி உட்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு மூட்டு விலகியிருக்கும். அதை இழுத்து நேராக்க வேண்டாம்.

இளம் வயதினரின் உடம்பு ஏமாற்றும். ஐந்து லீற்றரில் ஒன்றரை லீற்றர் போகும்வரை இரத்த அழுத்தம் விழாமல் நிற்கலாம். அதற்கு முன்பே தெரிவது: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல், கை குளிர்ந்து பிசுபிசுக்கும், நகத்தை ஐந்து வினாடி அழுத்தி விட்டால் சிவப்புத் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் எடுக்கும், ஆள் அமைதியில்லாமல் புரளுவார், தாகம் என்பார். அந்த நேரம்தான் யாராவது சோடா உடைத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்! சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகும். குளிராமல் மூடிவிடுங்கள், வெயில் காலமென்றாலும். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது.

தலையில் அடிபட்டு மயங்கி, தெளிந்து கதைத்தவர் பிறகு தூங்கி வழிந்தாலோ திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாம். காதால் இரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் பஞ்சு வைத்து அடைக்க வேண்டாம்.

கொடிகாமத்தான்:
நன்றி டொக்டர், நன்றி அக்கா. இடுப்பெலும்பு முறிவுக்கு என்ன செய்யிறது? பெட்டிக்குள்ள என்னென்ன வேணும்?

விபத்துப் பிரிவுத் தாதி:
இடுப்பை அமுக்கி ஆட்டிப் பார்க்காதேங்கோ, உறைஞ்சு நிண்ட இரத்தம் திரும்ப ஓடும். சாரம் ஒண்டு போதும். மூட்டின சாரமெண்டால் தையலை வெட்டுங்கோ, இல்லாட்டில் முடிச்சுப் போட நீளம் காணாது. ஒரு சாண் அகலத்துக்கு மடிச்சு, முழங்காலுக்குக் கீழ இருக்கிற இடைவெளியால நுழைச்சு மெல்ல மேல நகர்த்துங்கோ. அரையில கட்டினால் பிரயோசனமில்லை. தொடை தொடங்கிற இடத்தில, வெளிப்பக்கம் கையில தட்டுப்படுகிற எலும்புக்கு நேர வர வேணும். இறுக்கி முடிஞ்சு, ரெண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டிவிடுங்கோ.

பெட்டிக்குக் கையுறை பத்துச் சோடி, உடுப்பு வெட்டுற கத்திரிக்கோல், ஆறங்குலக் கிரேப் பன்டேஜ், கோஸ் கட்டுகள், முக்கோணத் துணி, தடிச்ச மார்க்கர், தலையில கட்டுற ரோச், பழைய சாரம் ரெண்டு. ரூர்னிக்கே (இரத்தத்தை நிப்பாட்ட முறுக்கிக் கட்டுற பட்டி) வாங்குறதெண்டால் மலிவானதை வாங்காதேங்கோ, முறுக்கேக்க பிளாஸ்ரிக் தடி முறியும். கழுத்துப் பட்டி வேண்டாம். அளவு பிழைச்சால் கழுத்து நாளத்தை அமுக்கி மண்டைக்குள்ள அழுத்தத்தைக் கூட்டும். தலையைப் பிடிக்க ரெண்டு கை போதும், பெடியளுக்கு அதைத்தான் கூடப் பழக்குங்கோ.