எல்லாப் பத்திரத்துக்கும் ஒரே பதிலா? "முதிர்வு வரை வைத்திருந்தால் நஷ்டமே இல்லை" என்பவர்களுக்கு

கணக்கன்:
பக்கத்து இழையில் புதிதாக வந்த ஒருவர், கடன் பத்திரங்களில் என்னென்ன வகை உண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நம் பொறுமைசாலி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: "எந்தப் பத்திரமானால் என்ன, முதிர்வு வரை வைத்திருங்கள், நஷ்டமே வராது." அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உலகில் நிலுவையில் இருக்கும் கடன் பத்திரங்களின் மதிப்பு 100 லட்சம் கோடி டாலருக்கும் மேல். பங்குச் சந்தையைவிடப் பெரியது. மூன்று மாதக் கருவூலப் பத்திரமும் அதில் உண்டு, நூறு வருடப் பத்திரமும் உண்டு. வீட்டுக் கடன்களை மொத்தமாகச் சேர்த்து அதன் மேல் வெளியிடும் பத்திரம், பணவீக்கத்தோடு அசல் ஏறும் பத்திரம், பெரும்புயல் அடித்தால் அசலே போய்விடும் பேரிடர்ப் பத்திரம் எல்லாம் அதில் அடக்கம். அத்தனைக்கும் ஒரே வரியா?

பொறுமைசாலி:
என் பெயரைப் போட்டே இழை தொடங்கியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். நான் சொன்னதில் என்ன தப்பு? 100க்கு வாங்குகிறேன். வருடா வருடம் வட்டி வருகிறது. முதிர்வு நாளில் 100 கைக்கு வருகிறது. நடுவில் சந்தை விலை 80 ஆனாலும் 60 ஆனாலும் நான் விற்கப்போவதில்லை. எங்கே நஷ்டம்? விரல் வைத்துக் காட்டுங்கள்.

கணக்கன்:
காட்டுகிறேன். 10 வருடப் பத்திரம், வட்டி 2%. வாங்கிய மறுநாள் சந்தை வட்டி 5% ஆகிறது என்று வையுங்கள். விலை ஏறக்குறைய 77க்கு இறங்கிவிடும். நீங்கள் விற்கவில்லை, சரி. இனி 10 வருடமும் புதிதாக வாங்கியவர் 5 வாங்கும்போது உங்களுக்கு 2தான். வருடத்துக்கு 3 குறைவு. அந்தப் பத்து 3களையும் 5% வட்டி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுங்கள், 23 வரும். விலை எவ்வளவு விழுந்தது? அதே 23. விற்றவருக்கு ஒரே நாளில் போனது உங்களுக்குத் தவணையில் போகிறது.

பொறுமைசாலி:
வராத லாபம் நஷ்டம் ஆகாது. 100 போட்டேன், 100 வந்தது. இதற்கு மேல் எனக்குக் கணக்கு வேண்டாம்.

ஈட்டிமுனை:
கணக்கன் ஆரம்பித்துவிட்டார். தங்கம் பற்றிய இழையிலும் இப்படித்தான் மூன்று பக்கம் கணக்குப் போட்டு எல்லோரையும் விரட்டினார். கடைசியில் அவர் சொன்னது எதுவும் நடக்கவில்லை. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்கன்:
ஈட்டிமுனை, தங்கத்தை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அந்த இழையில் நான் எந்த விலையையும் கணித்துச் சொல்லவில்லை. போய்ப் படித்துவிட்டு வாருங்கள். இங்கே பேச்சு முதிர்வைப் பற்றி.

2020இல் ஆஸ்திரியா அரசு 0.85% வட்டியில் நூறு வருடப் பத்திரம் வெளியிட்டது. முதிர்வு 2120. வட்டி வீதங்கள் ஏறியதும் 2023க்குள் அதன் விலை வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது. பொறுமைசாலி சார், அதை வாங்கியவரிடமும் 2120 வரை பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வீர்களா?

பொறுமைசாலி:
நூறு வருடப் பத்திரத்தை யார் வாங்குகிறார்கள்? ஓய்வூதிய நிதியும் காப்பீட்டு நிறுவனமும். அவர்களுக்குப் பொறுப்புகளும் நீண்ட காலத்துக்கு இருக்கின்றன, வாங்குகிறார்கள். தனி முதலீட்டாளரிடம் பேசும்போது அதை உதாரணம் காட்டுவது வம்புக்காக. நான் ஐந்து வருடம், ஏழு வருடம் என்று அடுக்கி வாங்குகிறவன். முதிர்வு வரை வைத்திருக்கிறேன். இன்று வரை ஒரு பைசா போகவில்லை.

தென்கரை:
ஓய்வூதிய நிதிகளே பிழைக்கவில்லையே. 2022 செப்டம்பரில் பிரிட்டனில் என்ன நடந்தது? நீண்ட கால அரசுப் பத்திரங்களின் விலை சரிந்ததும், அவற்றைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கியிருந்த ஓய்வூதிய நிதிகளிடம் கூடுதல் பிணை கேட்டார்கள். பணத்துக்காக அதே பத்திரங்களை விற்றார்கள், விலை இன்னும் சரிந்தது. கடைசியில் 28ஆம் தேதி அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே இறங்கி வாங்க வேண்டியதாயிற்று. முதிர்வு வரை வைத்திருக்கத்தான் அவர்களும் நினைத்தார்கள்.

பொறுமைசாலி:
அது கடன் வாங்கிப் போட்டதால் வந்த வினை. பத்திரத்தின் குற்றம் இல்லை.

கணக்கன்:
கடன் வாங்காதவர்களுக்கும் வந்தது. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியின் கணக்கேட்டில் "முதிர்வு வரை வைத்திருப்பவை" என்றே தனித் தலைப்பில் சுமார் 9,100 கோடி டாலர் பத்திரங்கள் இருந்தன. பெரும்பகுதி அமெரிக்க அரசின் ஆதரவு பெற்ற வீட்டுக்கடன் பத்திரங்கள். திவால் அபாயமே இல்லாதவை என்று பெயர் எடுத்தவை. உங்கள் வாதத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டிருந்த வங்கி அது. சுமார் 1,500 கோடி டாலர் நஷ்டம் அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருந்தது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. பணம் எப்போது தேவைப்படும் என்பதை உங்கள் பத்திரத்தின் முதிர்வுத் தேதி முடிவு செய்வதில்லை.

பொறுமைசாலி:
வங்கிக்கு வைப்புப் பணமே கடன்தான் சார். நீங்களே போய் அதில் விழுந்துவிட்டீர்கள். நான் பேசுவது சொந்தப் பணத்தில் வாங்கும் மனிதனைப் பற்றி. அரசுப் பத்திரம், சொந்தப் பணம், முதிர்வு வரை. நஷ்டம் இல்லை.

தென்கரை:
"எந்தப் பத்திரமானால் என்ன" என்று எழுதியவர் இப்போது அரசுப் பத்திரத்துக்கு வந்துவிட்டார். கவனித்தீர்களா?

பொறுமைசாலி:
படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது முதலிலேயே புரிந்திருக்கும்.

கணக்கன்:
சரி, அரசுப் பத்திரத்துக்கே வருவோம். கிரீஸ், 2012. தனியார் கையில் இருந்த பத்திரங்களின் முகமதிப்பில், அதாவது முதிர்வில் தர வேண்டிய அசலில், 53.5% வெட்டப்பட்டது.

பொறுமைசாலி:
கிரீஸ் யூரோவை அச்சடிக்க முடியாது. சொந்த நாணயத்தில் கடன் வாங்கும் அரசு திவாலாகாது. இது அரிச்சுவடி.

கணக்கன்:
ரஷ்யா, 1998 ஆகஸ்ட். ரூபிளில் வெளியிட்ட சொந்த உள்நாட்டுப் பத்திரங்களுக்கே பணம் தரவில்லை. அரிச்சுவடியில் அந்தப் பக்கம் கிழிந்துபோய்விட்டதா?

ஈட்டிமுனை:
இதுதான் இவருடைய பாணி. ஒருவர் பேசினால் உடனே கிழிக்க வேண்டும். அதனால்தான் பழைய ஆட்கள் பாதிப் பேர் இங்கே எழுதுவதில்லை.

கணக்கன்:
பழைய ஆட்கள் எழுதாததற்கு நான் காரணமா? ஆதாரம் கேட்டால் கோபப்படுகிறவர்கள்தான் போனார்கள்.

புதுவரவு:
ஐயா, அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். விலைவாசி ஏறுவதுதான் என் கவலை. பணவீக்கத்தோடு இணைந்த பத்திரம் வாங்கினால் போதுமா? வகைகளை யாராவது வரிசையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தென்கரை:
அதுதான் சரியான இடம். பிரிட்டனில் 1981இலிருந்தும் அமெரிக்காவில் 1997இலிருந்தும் இருக்கிறது. விலைவாசி ஏறினால் அசலும் ஏறும். கவலையில்லாமல் வாங்குங்கள்.

கணக்கன்:
தென்கரை, என் பக்கம் பேசுகிறீர்கள் என்பதற்காக இதை விட முடியாது. 2022இல் பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோதே நீண்ட காலப் பணவீக்கப் பத்திரங்கள் பலமாக அடி வாங்கின. பணவீக்கம் போக மிஞ்சும் வட்டி ஏறினால் இவையும் விழும். குறுகிய காலத்துக்கு வாங்குவது வேறு, முப்பது வருடத்துக்கு வாங்குவது வேறு.

தென்கரை:
முதிர்வு வரை வைத்திருந்தால் பணவீக்கத்துக்கு மேல் அன்று ஒப்புக்கொண்ட வட்டி கிடைக்குமே?

பொறுமைசாலி:
கேட்டீர்களா! இப்போது தென்கரையே என் வரியைச் சொல்கிறார்.

தென்கரை:
நான் சொன்னது பணவீக்கப் பத்திரத்துக்கு மட்டும். என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

கணக்கன்:
முதிர்வு, முதிர்வு என்கிறீர்களே, முதிர்வே இல்லாத பத்திரத்தை என்ன செய்வீர்கள்? சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கி வெளியிட்ட ஏடி1 பத்திரங்களுக்கு (வங்கி நெருக்கடியில் சிக்கினால் அசலையே அழித்துவிடக்கூடிய வகை) முதிர்வுத் தேதியே கிடையாது. 2023 மார்ச்சில் யுபிஎஸ் என்ற இன்னொரு சுவிஸ் வங்கி அதை வாங்கியபோது பங்குதாரர்களுக்கு ஏறக்குறைய 300 கோடி பிராங்க் கிடைத்தது. பத்திரக்காரர்களின் 1,600 கோடி பிராங்க் பூஜ்யம் ஆக்கப்பட்டது. வழக்கமாகப் பணம் திரும்பப் பெறும் வரிசையில் பங்குதாரர்களுக்கு முன்னால் நிற்கும் பத்திரக்காரர்களுக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கடன் பத்திரத்தில் தலைகீழ்ப் பிரச்சினை. வட்டி குறைந்தால் வீட்டுக்காரர்கள் பழைய கடனை அடைத்துவிட்டுப் புதுக் கடன் வாங்குவார்கள். உங்கள் அசல் வேண்டாத நேரத்தில் கைக்கு வரும், மறுபடி போட நல்ல வட்டி கிடைக்காது. வட்டி ஏறினால் யாரும் அடைக்க மாட்டார்கள், பணம் எதிர்பார்த்ததைவிட நீண்டு மாட்டும். இதில் முதிர்வு எந்த நாள் என்று பொறுமைசாலி சொல்லட்டும்.

பொறுமைசாலி:
உலகத்தில் இருக்கும் அத்தனை கோணல் பத்திரத்தையும் தேடிப் பிடித்து வந்து என் தலையில் கொட்டுகிறீர்கள். புதியவர் பயந்து ஓடத்தான் போகிறார்.

புதுவரவு:
ஓடவில்லை ஐயா. பலரது பணத்தைச் சேர்த்துக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் பணச் சந்தை நிதிகளிலிருந்து ஆரம்பிக்கலாமா?

ஈட்டிமுனை:
தாராளமாக. அதில் யாருக்கும் எதுவும் போனதில்லை.

கணக்கன்:
2008 செப்டம்பர், அமெரிக்காவின் ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச் சந்தை நிதி. லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை வைத்திருந்தது. லேமன் திவாலான மறுநாள் 1 டாலர் யூனிட் 97 சென்ட். அதோடு பணம் எடுப்பதும் முடங்கியது. ஆரம்பிப்பதற்கு அது நல்ல இடம்தான், ஆனால் "எதுவும் போனதில்லை" என்று எழுதாதீர்கள்.

பொறுமைசாலி:
பாதியில் நிறுத்தாதீர்கள் சார். காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் 99 சென்டுக்கு மேல் திரும்பி வந்தது. பொறுத்தவர்களுக்குக் கிடைத்தது.

கணக்கன்:
1 டாலர் போட்டவருக்கு 99 சென்ட் வந்ததை நஷ்டம் என்று சொல்வீர்களா, மாட்டீர்களா? வராத லாபக் கதையெல்லாம் வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை.

பொறுமைசாலி:
அது நிதி, பத்திரம் இல்லை. பேச்சை மாற்றாதீர்கள்.

கணக்கன்:
பேச்சை மாற்றுவது யார்? ஆமாமா, இல்லையா?

ஈட்டிமுனை:
முதலில் தங்க இழைக்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் மற்றவர்களைக் கேள்வி கேட்கலாம்.