போர்ச்சுகல் டி7 விசா: பங்காளிகளோடு பொதுவில் உள்ள வீட்டின் வாடகையை வருமானமாகக் காட்டியவர்கள் உண்டா?

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். நானும் மனைவியும் போர்ச்சுகலின் வடக்கே பிராகா பக்கம் குடியேறலாம் என்று முடிவு செய்துவிட்டோம்; இந்த வெயிலும் ஓட்டமும் போதும். (முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் வீட்டைக் குளுமையாக வைக்கும்தான், ஆனால் சித்திரையில் தெருவில் இறங்கித்தானே ஆக வேண்டும்.) கொடைக்கானலில் வாடகைக்கு இருந்து பார்த்தோம், இ-பாஸ் வந்த பிறகும் சீசன் கூட்டம் தாங்கவில்லை.

சிக்கல் இதுதான். டி7 விசாவுக்கு, 2025 கணக்கில், எனக்கு மாதம் 870 யூரோ, மனைவிக்கு அதில் பாதி, ஆக 1,305 யூரோ வேலை பார்க்காமல் வரும் வருமானமாகக் காட்ட வேண்டும். பென்ஷன் பாதிக்குத்தான் வரும். மிச்சம் கானாடுகாத்தான் பூர்வீக வீட்டு வாடகை, ஹோட்டல் நடத்த விட்டிருக்கிறோம். ஒப்பந்தம் பெரியப்பா மகன் பெயரில். அண்ணன்தான் வாங்கிப் பங்காளிகளுக்குப் பிரித்து வங்கியில் போடுகிறார். என் பங்கை வருமான வரிக் கணக்கில் காட்டுகிறேன், ஸ்டேட்மென்டும் இருக்கிறது.

ஆடிட்டருக்கு விசா விவரம் தெரியவில்லை, ஏஜென்ட் "பார்த்துக்கலாம் சார்" என்பதோடு சரி. பாகப்பிரிவினை போடலாமென்றால் ஒரு பங்காளி சிங்கப்பூரில், இப்போதைக்கு வரமாட்டார்.

பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லாமல், அண்ணனிடம் நோட்டரி பிரமாணப் பத்திரம் மட்டும் வாங்கி வைத்து யாராவது டி7 வாங்கியிருக்கிறீர்களா?