தெருவைத் தூக்கி நிறுத்தும் வேலை: மயிலாப்பூர், மந்தைவெளி, மேற்கு மாம்பலம் பக்கத்து அனுபவங்கள் (பலர் எழுதியவை; ஒவ்வொரு பகுதியின் மேலேயும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கச்சேரி ரோடு

குப்பை முனையில் இருந்து ஆரம்பிக்கிறேன். நெருக்கமான பழைய பேட்டையில் ஒரு தன்னார்வக் குழு கூடினால் முதலில் கை வைப்பது அதில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து வாரிக் கொட்டுவார்கள். கோலம் போட்டு நாலு தொட்டிச் செடியும் வைப்பார்கள். புதன்கிழமைக்குள் பழையபடி மேடு. அங்கே கொட்டுகிறவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பெரும்பாலும் நேரம் ஒத்துவராததுதான் காரணம். குப்பை வாங்குகிற மாநகராட்சி பேட்டரி வண்டி காலை ஏழு, எட்டு மணி வாக்கில் வரும். ஐந்தரைக்கே வீட்டு வேலைக்குக் கிளம்புகிற அம்மா, ஒன்பதுக்கு எழுகிற பேச்சிலர் ரூம், ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் இறக்குகிற டிபன் கடை, இவர்கள் யாரும் அந்த வண்டியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை.

அதனால் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் நோட்டுப் புத்தகம் வைத்துக் கவனிக்க வேண்டும். காலை ஐந்திலிருந்து ஏழு, இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை. நாலு கட்டம் போதும்: என்ன நேரம், வீடா கடையா போகிற வண்டியா, என்ன குப்பை, எவ்வளவு. ஆள் முகத்தைப் படம் பிடிக்கவே கூடாது. பிடித்தால் அன்றோடு தெருவில் சண்டை, குழுவுக்கும் கெட்ட பெயர். வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் நாலைந்து இடத்திலிருந்துதான் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

அந்த நாலைந்துக்கும் தனித்தனியாக வழி செய்யணும். டிபன் கடைக்கு 60 லிட்டர் மூடி டிரம் இரண்டு. ஒன்றில் வாழை இலை, மீந்த சாப்பாடு. இன்னொன்றில் பேப்பர் கப், பால் கவர். டிரம் கடைக்கு உள்ளே இருக்கணும். வெளியே வைத்தால் ஊரே அதில் போடும். சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்கு இஸ்திரி வண்டிக்காரர் பொறுப்பில் மூடி போட்ட இரண்டு வாளி, அவருக்கு மாதா மாதம் ஒரு தொகை. இது நடக்க ஆரம்பித்த பிறகுதான் மேட்டை எடுக்க வேண்டும்.

எடுக்கும் நாளைப் பற்றி ஒன்று: கட்டட இடிபாட்டையும் குப்பையையும் ஒரே குவியலாகச் சேர்த்துவிட்டால் எந்த வண்டியும் எடுக்காது. குப்பையை அழுத்துகிற லாரியில் செங்கல் போனால் இயந்திரம் கெடும் என்பதால் ஓட்டுநர் மறுப்பார், அவர் மேல் தப்பில்லை. இடிபாட்டுக்கு வேறு லாரி. வார்டு அலுவலகத்தில் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லி வைக்கணும். உடைந்த டியூப் லைட்டை அட்டைப்பெட்டியில் தனியாக வைக்கவும். ஊசி கிடந்தால் இடுக்கியால் எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடவும். கையுறை மளிகைக் கடையில் விற்கிற மெல்லியது வேண்டாம், முழங்கை வரை வருகிற தடித்த ரப்பர். பத்துப் பேருக்கு இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, நாலு பாண்டு, ஆறு தென்னந்துடைப்பம் தாராளம்.

சுத்தம் செய்த பிறகு மூன்று வாரம் அதே நேரத்தில் ஆள் நிற்க வேண்டும். மேடு பத்து வீடு தள்ளி நகரப் பார்க்கும். டிரான்ஸ்பார்மர் அடி, பூட்டிய வீட்டு வாசல், அசையாமல் நிற்கும் பழைய காருக்குப் பின்னால், இந்த மூன்றையும் தினமும் எட்டிப் பாருங்கள். அங்கே விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913 என்கிற தொலைபேசி எண்ணில் புகார் கொடுக்கலாம். கம்ப எண் இல்லாத புகார் தேங்கிவிடும்.

மாடவீதி

மேலே சொன்ன இஸ்திரி வண்டி விஷயத்தில் ஒரு வார்த்தை. தெருவை அழகுபடுத்துகிறோம் என்று கிளம்புகிற குழுக்கள் முதல் மாதமே பூக்காரம்மாவையும் இட்லி வண்டியையும் எடுக்கச் சொல்லி மனு போடுவதைப் பார்க்கிறோம். இது அநியாயம், வேலைக்கும் கேடு. ராத்திரி பத்து மணிக்கு அந்த முனையில் கண் வைத்திருப்பவர் அந்த வியாபாரிதான். வண்டி போனதும் அந்த இடம் இருட்டாகும், குப்பை வரும், சுவரோரம் சிறுநீர் வரும். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை அவர்களை அகற்றக்கூடாது. பாதையை அடைக்கிறார் என்றால் நடக்கிறவருக்கு எத்தனை அடி வேண்டும் என்று டேப் பிடித்துக் காட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுப் பேசுங்கள். ஐந்து அடி விட்டால் தள்ளுவண்டிக் குழந்தையும் போகும், வியாபாரமும் நடக்கும்.

சருகு

குப்பை முனையில் மரச் சருகும் நிறைய வந்து சேரும். அதை மட்கவைத்துவிட்டால் கொளுத்துவதும் நின்றுபோகும்.

மட்கவைக்கிற கம்பிக் கூடை செய்ய அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். மூன்று அடி விட்டத்துக்குப் பத்து அடி நீளம், நாலு அடி உயரம். ஓரத்தை அரை அடி ஏற்றிக் கட்டுக்கம்பியால் கட்டவும். ஒரு அங்குலக் கண் மலிவு, ஆனால் எலி புகுந்துவிடும். அடியில் செங்கல் பரப்பி, அதன் மேல் அரை அடிக்குச் சுள்ளி, தேங்காய்ச் சிரட்டை. காற்று அடியிலிருந்து ஏறணும் என்பதற்காக. மேலே ஒரு அடி சருகு, இரண்டு அங்குலம் காய்கறிக் கழிவு, மறுபடி சருகு. கடைசி அடுக்கு எப்போதும் சருகுதான். காய்கறி வெளியே தெரிந்தால் ஈ மொய்க்கும். ஆரம்பத்தில் ஒரு லிட்டர் புளித்த மோரைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். பழைய உரம் இரண்டு கை கிடைத்தால் அது இன்னும் நல்லது.

ஈரம்தான் எல்லாம். உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்கணும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. நாலைந்து நாளில் நடுப்பகுதி சூடேறும். ஒரு இரும்புக் கம்பியை நட்ட நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் சரியாகப் போகிறது. சூடே இல்லை என்றால் ஈரமோ பச்சைக் கழிவோ போதவில்லை. மூக்கைத் துளைக்கிற காரநெடி வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகு சேருங்கள். அழுகின முட்டை வாடை வந்தால் தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் போச்சு, முழுக்கக் கொட்டிக் கிளறித் திரும்ப அடுக்கணும். பத்து நாளுக்கு ஒரு முறை கிளறினால் இரண்டு, மூன்று மாதத்தில் கால் அங்குலச் சல்லடையில் சலிக்கலாம்.

எல்லா இலையும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி, வேம்பு சீக்கிரம் மட்கும். மாவிலையும் பாதாம் இலையும் தோல் மாதிரி கிடக்கும். கோணியில் போட்டு மிதித்து நொறுக்கிய பிறகு சேர்க்கவும். சமைத்த சாப்பாடும் மீன் கழிவும் இந்தக் கூடைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மேலே பழைய பிளெக்ஸ் பேனர், பக்கவாட்டை மூடாமல். அடுத்த வீட்டுக் காம்பவுண்டில் ஒட்டி வைக்காதீர்கள், ஒரு அடி இடைவெளி விடுங்கள். கறுப்புச் சாறு இறங்கிச் சுவர் கறைபட்டால் நல்ல அயலாரும் முகம் திருப்பிக்கொள்வார். டிரான்ஸ்பார்மர் அடியில் வைக்கவே கூடாது.

உறைக்கிணறு

மழைநீர் பற்றி. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய வருடமே மந்தைவெளியில் மழை இல்லம் என்கிற மழைநீர் சேகரிப்பு விளக்க மையம் திறந்துவிட்டது. அதை நிறுவிய சேகர் ராகவன் அங்கே வருகிறவர்களுக்கு மாதிரிகளைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இருந்தும் தெருவில் நடந்து பார்த்தால் அவசரத்தில் போட்ட ஒன்றரை அடிக் குழிகள், மேலே ஜல்லி, உள்ளே மண் அடைத்துப் போய்க் கிடக்கின்றன.

முதலில் மண்ணைப் பாருங்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, பெசன்ட் நகர் பக்கம் மணல். தண்ணீர் தானாக இறங்கும். மாம்பலம், தியாகராய நகர் பழைய மாம்பலம் ஏரி இருந்த இடம். மேலே களிமண். மயிலாப்பூரில் வேலை செய்கிற அளவை அப்படியே மாம்பலத்தில் போட்டால் அது கொசுத் தொட்டியாக நிற்கும். களிமண்ணை ஊடுருவி மணல் தட்டுகிற ஆழம் வரை போகணும். மழைநீரை மண்ணுக்குள் இறக்க வெட்டுகிற உறைக்கிணறு அவ்வளவு ஆழம் போகாவிட்டால், அடியில் துளையிட்ட ஆறு அங்குலக் குழாயை மணல் வரை இறக்கலாம்.

உறைக்கிணற்றின் வழக்கமான அளவு மூன்று அடி விட்டம், பதினைந்து அடி ஆழம். ஒரு அடி உயர உறை (சிமெண்ட் வளையம்) பதினைந்து, பக்கத்தில் துளையிட்டது. அடியில் கான்கிரீட் போடக்கூடாது. கொள்ளளவு ஏறக்குறைய 3,000 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் வரும், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஜல்லி நிரப்பாதீர்கள். நிரப்பினால் கொள்ளளவும் போச்சு, தூர் வாரவும் முடியாது. அதற்குப் பதிலாகக் கிணற்றுக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி கட்டி, கிணற்றுக்குப் போகிற குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து ஒரு அடி மேலே எடுங்கள். மண் தொட்டியில் தங்கிவிடும். ஆவணிக்குள் தூர் வாரணும்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் புதிதாகத் தோண்டவே வேண்டாம். மாடிக் குழாயை வண்டல் தொட்டி வழியாக அந்தக் கிணற்றுக்குத் திருப்பினால் போதும், செலவு மிகக் குறைவு. மயிலாப்பூரில் மூடிப்போட்டு மேலே துணி துவைக்கிற கல் வைத்திருக்கிற கிணறுகளைத் தேடிப் பிடிப்பதையே நான் முதல் வேலையாகச் சொல்வேன். ஆனால் பல வருடம் மூடிக் கிடந்த கிணற்றில் திறந்தவுடன் ஆளை இறக்காதீர்கள். உள்ளே பிராணவாயு இருக்காது. ஒரு நாள் திறந்து வைத்துக் காற்று ஊதி, சோதித்து, இடுப்பில் கயிற்றோடு, தொழில் தெரிந்தவர் மட்டும்.

சாக்கடை பொங்குகிற தெருவின் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடவே கூடாது. மாடித் தண்ணீர் மட்டும்.

மாடவீதி

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகாலிலோ மேன்ஹோலிலோ தன்னார்வலர் யாரும் இறங்கக்கூடாது. கூலி கொடுத்து யாரையும் இறக்கவும் கூடாது. சாக்கடை மேன்ஹோலில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிது, உயிர் போகும். சாலையோரம் இருக்கிற வடிகால் வாயின் கம்பி மேல் படிந்த இலையையும் பிளாஸ்டிக்கையும் மேலிருந்து எடுப்பதோடு நம் வேலை முடிந்தது.

சுண்ணாம்பு

சுவர் ஓவியத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதி சுவரைத் தயார் செய்யாததால் வீணாகிறது. போஸ்டரை மைதாப் பசையில் ஒட்டியிருப்பார்கள். காய்ந்ததைச் சுரண்டினால் பூச்சும் பெயர்ந்து வரும். வாளித் தண்ணீரை அடித்துக் கால் மணி ஊறவிட்டு, பட்டி பிளேடால் கீழிருந்து மேலாகத் தள்ளினால் தோலாக உரியும். பசை மிச்சம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவும். நன்றாகக் காய்ந்த பிறகு எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கை, ஒரு நாள் விட்டு எமல்ஷன் இரண்டு கை. சொரசொரப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கைக்கு 50, 60 சதுர அடிதான் வரும். டப்பாவில் போட்டிருக்கிற கணக்கை நம்பி வாங்கினால் பாதியில் நிற்கும்.

பழைய சுவரின் கீழ் இரண்டு அடியில் உப்பு பூத்திருக்கும். அதன் மேல் எமல்ஷன் போட்டால் ஒரே மழைக்காலத்தில் கொப்பளித்து உரியும், ஏனென்றால் ஈரம் வெளியேற வழியில்லை. அந்தப் பட்டைக்குச் சுண்ணாம்பு மட்டும், வருடா வருடம். தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். சுவர் உரிமையாளரின் கையெழுத்து வாங்காமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

மரத்தடி

நடைபாதை போடும்போது மரத்தின் கழுத்துவரை சிமெண்ட் பூசிவிடுவார்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் திறந்திருக்கணும். சம்மட்டி, உளியால் கையாலேயே உடைக்கவும். டிரில்லர் வைத்தால் வேர் அறுபடும். உடைத்த இடத்தில் சலித்த உரத்தை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பலாம், அடிமரத்தில் ஒட்டாமல். ஆணியைப் பிடுங்கும்போது சுத்தியலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து நெம்புங்கள். உள்ளே புதைந்து பட்டை மூடிவிட்ட ஆணியைத் தோண்டாதீர்கள். இரும்புக் கூண்டை மரம் தொடுவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிடணும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் பெருங்கொன்றையும் செம்மயில்கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்தன. மறுநடவுக்குப் புங்கன், பூவரசு, மகிழம், வேம்பு. மின்கம்பி ஓடுகிற பக்கம் வேம்பு வேண்டாம், வருடா வருடம் தலை வெட்டுவார்கள். குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் அதே.

வார்டு மனு

மனு எழுதுகிறவர்களுக்கு. ஒரு மனுவில் ஒரே வேலை. தெருப் பெயர், வீட்டு எண் முதல் வீட்டு எண் வரை, நீளம் அடியில், இரண்டு படம். உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கவும். பெரிய வேலை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் கட்டணும். பணம் வசூலிக்கிற குழு சங்கமாகப் பதிவது நல்லது. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். வரவு செலவை மாதம் ஒரு முறை தெருமுனைப் பலகையில் ஒட்டுங்கள். சந்தா நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தொகை அல்ல, கணக்கு தெரியாததுதான்.

சாலை போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடனே ஒரு வேலை. நாலைந்து வீட்டுக் காம்பவுண்டில், தற்போதைய சாலை மட்டத்திலிருந்து சரியாக ஒரு அடி உயரத்தில் பெயிண்டால் கோடு போட்டு, அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது. சுரண்டிய அன்று சாயங்காலம் கோட்டிலிருந்து அளந்தால் எத்தனை அங்குலம் எடுத்தார்கள் என்று தெரியும். எடுத்ததைவிடப் போடுவது கூடினால், அந்தக் கூடுதல் உயரத்துக்கு ஏற்ப மழைத் தண்ணீர் வீட்டு வாசலுக்குள் வரும். தார் லாரி வந்து இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை. அளந்த தாளை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே பொறியாளரைப் பாருங்கள்.