ராத்திரி ஒரு மணிக்கு லைன் போன நாட்கள்: தளத்தை முழுதாக இறக்கி வைத்த அனுபவங்கள்

ரங்கூனிலிருந்து

2021 பிப்ரவரி 15 முதல் எங்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கு இணையம் போய்க்கொண்டிருந்தது. காலை ஒன்பதுக்குத்தான் திரும்பியது. மார்ச் 15-ல் மொபைல் டேட்டாவும் நின்றது. ஃபைபர் லைன் இழுத்த வீடுகளில் மட்டும் பகலில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது இருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

நான் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இவர்களுக்குப் பள்ளியில் பர்மிய மொழி. வீட்டில் பாட்டி இருந்தால் தமிழ் கேட்கும், இல்லையென்றால் அங்கேயும் பர்மிய மொழிதான். புத்தகம் வேண்டுமானால் தமிழ்நாட்டிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவர வேண்டும். அதனால் ஒரு பாடத் தளத்தையே நம்பியிருந்தேன். அகரவரிசை, படம், ஒவ்வோர் எழுத்துக்கும் உச்சரிப்பு எல்லாம் அதில் உண்டு. அது இல்லாமல் வகுப்பு நடத்த முடியாது என்று பயம் வந்துவிட்டது.

தளத்தை அப்படியே கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா மகன் டபிள்யூகெட் என்ற மென்பொருளைப் போட்டு, ஒரு கட்டளையும் எழுதித் தந்தான். இரவு பத்து மணிக்கு ஓட விட்டேன். கறுப்புத் திரையில் வரி வரியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு லைன் போனதும் வரிகள் நின்றன. வேண்டியதெல்லாம் வந்திருக்கும் என்று நினைத்து அந்தச் சன்னலை மூடிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் திறந்து பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தது. படம் வந்தது, இணைப்புகள் வேலை செய்தன. நிம்மதியாகச் சமைக்கப் போனேன். அன்று ராத்திரி லைன் போன பிறகு மறுபடி திறந்தேன். முதல் பக்கம் வந்தது. உயிர்மெய் என்ற இணைப்பைத் தட்டினேன், தளத்தை அணுக முடியவில்லை என்று வந்தது. ஆனால் கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் உயிர்மெய்ப் பக்கம் அங்கேயே இருக்கிறது!

காரணம் இதுதான். பக்கங்களில் உள்ள இணைப்புகள் இணைய முகவரியைக் காட்டும். அவற்றை நம் கணினிக் கோப்புகளைக் காட்டும்படி மாற்றினால்தான் இணையம் இல்லாமல் பக்கம் விட்டுப் பக்கம் போக முடியும். டபிள்யூகெட்டில் அதற்குக் கன்வர்ட்-லிங்க்ஸ் என்று ஒரு விருப்பம் உண்டு. அது அந்த மாற்றத்தை எல்லாம் இறக்கி முடித்த பிறகு, கடைசியில்தான் செய்யும். நான் நடுவில் மூடியதால் ஓர் இணைப்புகூட மாறவில்லை. சாயங்காலம் நான் பார்த்தது பாதிக்கு மேல் இணையத்திலிருந்து வந்த பக்கங்கள்.

தினமும் வெட்டு விழும் ஊரில் இது ஒத்துவராது என்று, இதே வேலையைச் செய்யும் எச்டிடிராக் என்ற மென்பொருளுக்கு மாறினேன். பிரான்சைச் சேர்ந்த சேவியர் ரோஷ் தொடங்கியது, 1998-லிருந்து இருக்கிறது, இலவசம். நின்ற இடத்திலிருந்து தொடர அதில் வழி உண்டு. அதற்காக எச்டிஎஸ்-கேஷ் என்று ஒரு கோப்புறையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இடம் அடைக்கிறதே என்று அதை மட்டும் அழித்துவிடாதீர்கள், தொடரும் வசதி அதோடு போய்விடும். மூன்று நாளில், விட்டு விட்டு, முழுத் தளமும் வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை பாடம் படித்திருந்தேன். ரௌட்டரின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு பாடமாகத் திறந்தேன். ழகரம் வந்தபோது ஒலி இல்லை. படம் இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் சத்தம் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் திணறுவதே அந்த எழுத்தில்தான்! பார்த்தால், தளத்தார் ஒலிக் கோப்புகளை வேறொரு முகவரியில் வைத்திருக்கிறார்கள். எச்டிடிராக் நீங்கள் கொடுத்த முகவரியை விட்டு வெளியே போகாது. பக்கத்தோடு தொடர்புடைய கோப்புகளையும் எடு என்ற கட்டத்துக்குள் டிக் போட்டதும் ஒலியும் வந்தது.

கம்பியைக் கழற்றாமல் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கவே தெரியாது. இதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். இறக்கியதும் இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், ஒரு பக்கம் விடாமல்.

மோல்மேனிலிருந்து

அக்கா, நான் ஃபோன் கடை வைத்திருக்கிறேன். டேட்டா நின்ற மாதங்களில் கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் பாட்டும் சாமி படமும்தான். தமிழ்நாட்டில் ஒருவர் சொந்தச் செலவில் நடத்திவந்த தேவாரப் பாடல் தளம் ஒன்று இருந்தது. கிடைக்கிற நேரத்தில் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், எச்டிடிராக்கில் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற எண்ணைக் கூட்டி, வேகக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டேன்.

மறுநாள் அந்தத் தளம் திறக்கவில்லை. தளத்துக்கு இந்த மாதத்துக்கான டேட்டா அளவு தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாடல் கேட்க வந்த எத்தனை பேருக்கு என்னால் கதவு மூடியதோ! நடந்ததை மறைக்காமல் அவருக்கு மின்னஞ்சல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. திட்டவில்லை. பர்மாவில் கேட்கிறார்களா என்று சந்தோஷப்பட்டு, பாடல்கள் அத்தனையையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, வேறு இடத்தில் போட்டு, அதன் முகவரியை அனுப்பியிருந்தார். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இப்போதெல்லாம் சின்னத் தளம் என்றால் முதலில் எழுதிக் கேட்கிறேன். பதில் இல்லையென்றால் ஒரே இணைப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் நடுவில் சில விநாடி இடைவெளி. மென்பொருள்கள் எங்கே வரக்கூடாது என்று தளத்தார் எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் வேண்டாம் என்று சொன்ன பகுதிக்குள் போவதில்லை.

இன்னொன்று. வலைப்பதிவை இறக்கும்போது நாட்காட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மென்பொருள் காலி மாதங்களைத் தட்டிக்கொண்டே போகும், முடிவே இருக்காது. எனக்கு ஒரு தடவை 2090 வரை போயிருந்தது. வேர்ட்பிரஸ் தளமென்றால் ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் பதிலளி என்ற இணைப்பு தனி முகவரியாக எண்ணப்பட்டு, ஒரே கட்டுரை முப்பது நாற்பது தடவை இறங்கும். அவற்றை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தாட்டோனிலிருந்து

தங்கச்சி, உங்கள் ழகரத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன் மாமா சென்னையிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்தார். யாரோ தமிழ் இலக்கியத் தளம் ஒன்றை முழுதாக இறக்கி அதில் பதிந்திருந்தார்கள். இங்கே திறந்தால் ஓர் எழுத்துகூடத் தமிழ் இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நிறைந்திருந்தது. சிடி கெட்டுவிட்டது என்று வருஷக்கணக்காக அலமாரியில் போட்டுவிட்டேன்.

கெட்டது சிடி இல்லை. அது திஸ்கி என்ற பழைய குறியாக்கம், அதாவது தமிழ் எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறை. அதற்கான எழுத்துரு கணினியில் இருந்தால்தான் அந்த எண்கள் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் கணினி தனக்குத் தெரிந்த எழுத்தைக் காட்டும். பக்கங்களை இறக்கியவர் எழுத்துருவை எடுக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். நம் ஊரில் ஜோஜி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக மாறியபோது பழைய பர்மியப் பக்கங்கள் குழம்பித் தெரிந்ததே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒரு பக்கத்தை ஒட்டினேன். "நமச்சிவாய வாஅழ்க" என்று வந்தது. மாமா அப்போது இல்லை.

ரங்கூன், இன்னொருவர்

சுருக்கமாக ஒன்று. தமிழ்த் தலைப்பே முகவரியாக உள்ள தளங்களில் கவனம். இறக்கும்போது ஒரு தமிழ்க் குறி ஒன்பது ஆங்கிலக் குறிகளாக மாறிவிடும். தமிழ் என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், அதனால் அதுவே 45 ஆகிவிடுகிறது. விண்டோஸில் கோப்பின் முழுப் பாதை வழக்கமாக 260 குறிக்குள் இருக்க வேண்டும். நீளத் தலைப்புள்ள கட்டுரைகள் பென்டிரைவில் ஏறாமல் நின்றது எனக்கு இதனால்தான். கோப்புறைக்குள் கோப்புறை வைக்காமல் நேராக டிரைவிலேயே, ஓர் எழுத்துப் பெயரில் வைத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

விக்கிப்பீடியாவை மட்டும் இப்படி இறக்காதீர்கள். இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுதும் ஒரே ஜிம் கோப்பாகக் கிடைக்கிறது, தேடவும் முடியும். 2021-ல் இங்கே விக்கிப்பீடியாவை அடைத்தபோது எங்கள் தெருவில் அதை, இணையம் இல்லாமல் கோப்பு அனுப்பும் ஜாப்யா செயலி வழியாக ஃபோனுக்கு ஃபோன் மாற்றிக்கொண்டோம்.

ரங்கூனிலிருந்து (முதலில் எழுதியவர்)

மோல்மேன் தம்பி, நான் அந்தப் பாடத் தளத்தாரிடம் கேட்கவே இல்லை. இன்று எழுதிவிட்டேன். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூல்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கோப்பிலும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். திருவாசகத்தை அப்படித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

தாட்டோன் அண்ணே, அந்த சிடியில் வேறு என்னென்ன இருக்கிறது? அந்தத் தளம் இப்போது இணையத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிடி இன்னும் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது, முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் எங்கள் சித்தப்பா தாட்டோன் வருகிறார். அவர் கையில் ஒரு காலி பென்டிரைவ் கொடுத்து அனுப்புகிறேன். அப்படியே, மாற்றாமல், திஸ்கியிலேயே போட்டுக் கொடுங்கள். எழுத்துருவை நான் தேடிச் சேர்க்கிறேன்.