கெஸ்ட்ரல் காட்டைப் பராமரிக்க நிதி கிடைக்குமா?
மொரீஷியஸின் கிழக்கே, பாம்பூஸ் மலைத்தொடரில் மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுப் பறவைக்காக, வெளியிலிருந்து வந்து காட்டை அடைக்கும் சீனக் கொய்யாவை வெட்டி நாட்டு மரங்களை நட்டு வருகிறோம். ஒரு ஆய்வாளர், 12 தன்னார்வலர்கள். இரண்டு வருட நிதி போன மாதத்தோடு முடிந்துவிட்டது.

1974இல் காட்டில் நான்கே நான்குதான் எஞ்சியிருந்த பறவை இது. கொய்யா அடர்ந்துவிட்டால் அதற்குப் பல்லி வேட்டையே கஷ்டம். வெட்டிய அடிக்கட்டைகளில் இப்போதே விரல் நீளத்துக்குத் துளிர் நிற்கிறது. பிடுங்க ஆள் இல்லை.

பழைய கொடையாளரைக் கேட்டோம். புதிய திட்டத்துக்கு மட்டும்தான் தருவார்களாம். இரண்டு நிறுவனங்களுக்கு எழுதியும் பதில் இல்லை. அப்புறம் இணையத்தில் திரட்டிய பணம் வண்டிச் செலவுக்கே சரியாகப் போயிற்று.

ஆய்வாளர் சம்பளம், தன்னார்வலர்களின் போக்குவரத்து இரண்டையும் சேர்த்து, நட்ட பிறகான பராமரிப்புக்கு நிதி தரும் அமைப்பு எது?